எஃகு உருகாமலே கட்டடம் விழுமா? பொறியாளர்கள் உதவுங்கள்

குழுவில் கட்டடப் பொறியாளர்கள் சிலர் இருப்பதை அறிந்தே கேட்கிறேன். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறேன். வெப்ப விரிவுப் பாடத்தின் நடுவே ஒரு பையன் எழுந்து, "நியூயார்க் இரட்டைக் கோபுரங்களில் எஃகு உருகியதா சார்?" என்றான். எஃகு உருகச் சுமார் 1,500 டிகிரி வேண்டும்; அந்தத் தீ அவ்வளவு சூடேறாது. ஆனால் 600 டிகிரியிலேயே பாதி வலு போய்விடும் என்றேன். மறுநாள் ஒரு சைக்கிள் கம்பியின் நுனியில் பூட்டைத் தொங்கவிட்டு, நடுப்பகுதியைப் பன்சன் சுடரில் சிவக்கக் காய்ச்சினேன். கம்பி மெல்லத் தலை குனிந்தது. வகுப்பு நம்பிவிட்டது.

இரட்டைக் கோபுரங்கள் வரை சமாளித்தேன். 2001 செப்டம்பர் 11இல் விமானங்கள் மோதியதில் தூண்கள் முறிந்தன, தீத்தடுப்புப் பூச்சு உதிர்ந்தது, சூட்டில் தொய்ந்த தளங்கள் வெளித்தூண்களை உள்ளே இழுத்தன.

சிக்கல் அருகிலிருந்த, அதே உலக வர்த்தக மைய வளாகத்தின் 47 மாடி ஏழாம் கட்டடத்தில். அதில் விமானம் மோதவே இல்லை. சுமார் ஏழு மணி நேரம் எரிந்து அன்று மாலை 5.20 மணிக்கு விழுந்தது. விரிந்த உத்திரங்கள், முதன்மை உத்திரம் ஒன்றை 79ஆம் தூணின் தாங்கியிலிருந்து தள்ளிவிட்டன என்கிறது 2008இல் வந்த விசாரணை அறிக்கை. சரி, ஒரு தூண் போனால் மற்றவை ஏன் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளவில்லை? கரும்பலகையில் வரைந்து காட்டும் அளவுக்கு யாராவது விளக்க முடியுமா?

2005இல் எரிந்த மாட்ரிட் விண்ட்சர் கோபுரத்தில் மேல்தளங்களின் வெளிப்புற எஃகுத் தூண்கள் விழுந்தும் கான்கிரீட் நடுப்பகுதி நின்றதையும் ஒப்பிட்டுச் சொன்னால் மகிழ்வேன். சதி வீடியோக்கள் வேண்டாம். மாணவர்களே நிறைய அனுப்பிவிட்டார்கள். வியாழக்கிழமை வகுப்பு.