வரலாறு மேஜரா, பொருளாதாரமா? இரண்டாம் ஆண்டில் குழப்பம்

மூன்றாம்செமஸ்டர்:
லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகத்தில், அதாவது பல துறைப் பாடங்களைக் கலந்து படிக்கும் இடத்தில், இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆண்டு முடிவதற்குள் மேஜர் (பட்டத்துக்கான முதன்மைப் பாடம்) எது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்குப் பிடித்தது வரலாறுதான், பழைய கடிதங்களை வைத்துக்கொண்டு கட்டுரை எழுத உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. ஆனால் "அதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய்" என்று வீட்டில் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பொருளாதாரத்தையும் சேர்த்து இரண்டு மேஜர் எடுத்துவிடலாமா? இன்டர்ன்ஷிப்பை மூன்றாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள், அது சரியா?

வரலாற்றுக்காரி:
நான் வரலாறு மேஜர். இப்போது ஒரு நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன், ஆள் எடுக்கும் நேர்காணல்களிலும் உட்காருகிறேன். மேஜரின் பெயரில் எங்கள் கண் அதிக நேரம் நிற்பதில்லை. "நீங்கள் செய்து முடித்த ஒரு வேலையைச் சொல்லுங்கள்" என்றுதான் கேட்போம், பலர் தடுமாறுவது அங்கேதான். "சிந்தனைத் திறன் வளர்ந்தது" என்றால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. இத்தனை கடிதங்களைப் படித்தேன், எழுதியவர், பெற்றவர், ஆண்டு என்று அட்டவணை போட்டேன், தேதி இல்லாதவற்றை உள்ளே வரும் சம்பவங்களை வைத்துக் கணித்தேன், அப்புறம் என் முதல் ஊகமே தவறு என்று தெரிந்து கட்டுரையை மாற்றி எழுதினேன் என்று சொன்னால் உடனே நிமிர்ந்து உட்காருவோம். உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது!

இரண்டு மேஜர் வேண்டாம் என்பேன். இரண்டு துறைகளின் கட்டாயப் பாடங்களும் சேர்ந்து கால அட்டவணையை நிரப்பிவிடும், கடைசி ஆண்டு ஆய்வேட்டுக்கு மூச்சுவிட இடம் இருக்காது. அதற்குப் பதில் புள்ளியியலில் இரண்டு மூன்று பாடங்களை அடுத்தடுத்து எடுத்து, கற்றதை அந்த ஆய்வேட்டிலேயே பயன்படுத்துங்கள். லிபரல் ஆர்ட்ஸ் என்றால் எண்களிலிருந்து தப்பிக்கும் வழி என்று சிலர் நினைப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவில் அந்தப் பெயரில் சொல்லிக்கொடுத்த 7 கலைகளில் இலக்கணம், தர்க்கம், சொற்கலை போக மீதி 4 எண்கணிதம், வடிவியல், இசை, வானியல். இசையைக்கூட விகிதங்களாகத்தான் படித்தார்கள்.

பின்னிருந்துமுன்:
மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. மேஜரின் பெயர் கதவை அடைக்காது, ஆனால் எடுக்காமல் விட்ட பாடம் அடைத்துவிடும். நாளைக்குப் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வரை போக ஆசை வந்தால் நுண்கணிதமும் நேரியல் இயற்கணிதமும் படித்திருக்க வேண்டும், அதைக் கடைசி ஆண்டில் தொடங்க முடியாது. சில பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். அதனால் எட்டாவது செமஸ்டரிலிருந்து பின்னோக்கி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், எதற்கு முன் எது வேண்டும் என்று தெரியும்.

இன்டர்ன்ஷிப்புக்கு மூன்றாம் ஆண்டு வரை காத்திருக்காதீர்கள். நான் வேலைவாய்ப்பு மையத்துக்குள் முதன்முதலாகப் போனதே கடைசி ஆண்டில்தான், பல விண்ணப்பங்களுக்குத் தேதி முடிந்திருந்தது, பரிந்துரைக் கடிதம் கேட்கும் அளவுக்கு என்னை அறிந்த பேராசிரியரும் ஒருவரே இருந்தார். இப்போதே முன்னாள் மாணவர்கள் நாலைந்து பேருக்கு எழுதி இருபது நிமிடம் கேளுங்கள். வேலை கேட்க வேண்டாம், "நேற்று அலுவலகத்தில் என்ன செய்தீர்கள்" என்று மட்டும் கேளுங்கள். பதவியின் பெயரை வைத்து நாம் கற்பனை செய்வதற்கும் அவர்கள் சொல்வதற்கும் நிறைய தூரம் இருக்கும்.

மூன்றாம்செமஸ்டர்:
நன்றி அக்கா, உங்களுக்கும் நன்றி அண்ணா. தாளில் எழுதிப் பார்த்தேன், அடுத்த செமஸ்டரில் புள்ளியியல் அறிமுகத்தை எடுக்காவிட்டால் அதற்கடுத்த பாடம் நான்காம் ஆண்டுக்குப் போய்விடுகிறது. ஒரே ஒரு தயக்கம், முன்பின் தெரியாதவருக்கு எப்படி எழுதுவது?

வரலாற்றுக்காரி:
நாலு வரி போதும். நீங்கள் யார், அவரிடம் ஏன் கேட்கிறீர்கள், இருபது நிமிடம், எந்த நாட்கள் வசதி. ரெஸ்யூமேயை இணைக்காதீர்கள். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதோடு விட்டுவிட்டு அடுத்தவருக்கு எழுதுங்கள்.