வாடகையே தவணையைக் கட்டிவிடுமா?

கேள்வி (பட்டர்வொர்த், மலேசியா):
வணக்கம். வயது 38, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. குடியிருக்கும் வீடு என் பெயரில் இருக்கிறது. இப்போது சுங்கை டுவாவில் பழைய அடுக்குமாடி வீடு ஒன்று 280,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) வந்திருக்கிறது. 1,200 வெள்ளி வாடகை வரும், தவணையை அதுவே கட்டிவிடும் என்கிறார் தரகர். கையில் 40,000 இருக்கிறது. அம்மா நகை விற்ற பணமும் அதில் அடக்கம். இறங்கலாமா?

பதில் (சுங்கை டுவா அக்கா):
தம்பி, அம்மாவின் நகை என்று படித்ததும் மனம் கேட்கவில்லை. தரகர் சொன்னதை அப்படியே நம்பாதீர்கள். 252,000 கடன், 4.2 விழுக்காடு வட்டி, 30 ஆண்டு என்றால் தவணையே ஏறக்குறைய 1,230. அதற்குமேல் பராமரிப்புக் கட்டணம், கட்டடத்தின் பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதி, ஊராட்சி மன்றத்துக்குக் கட்டும் மதிப்பீட்டு வரி. முன்பணம் 28,000, பெயர் மாற்ற முத்திரை வரி 4,600, கடன் ஒப்பந்தத்துக்கு 1,260. வழக்கறிஞருக்கும் கொடுத்தபின் சுவருக்குச் சாயம் பூசக்கூட மிஞ்சாது.

நான் அறை அறையாக மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு விடுகிறேன். மூன்று அறை, அறைக்கு 450. விடுமுறையில் காலியாகும் என்பதால் ஆண்டுக்குப் பத்து மாத வாடகையை மட்டுமே கணக்கில் வைப்பேன். ஒருமுறை எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நான்கு மாதம் ஓடவில்லை. அரிசி மூட்டையைத் தோளில் வைத்து ஏழாவது மாடி ஏறிய பிள்ளைகள், அடுத்த பருவத்துக்கு வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள். பாதிப் பேர் பராமரிப்புக் கட்டணம் கட்டாததுதான் காரணம். வீட்டைப் பார்க்கும் முன் நிர்வாக அலுவலகத்தில் நிலுவை எவ்வளவு என்று கேளுங்கள்.

சீக்கிரம் விற்று லாபம் பார்க்கும் எண்ணமும் வேண்டாம். குடிமக்களுக்கே முதல் மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி. நான்காம் ஆண்டு 20, ஐந்தாம் ஆண்டு 15. ஆறாம் ஆண்டிலிருந்துதான் இல்லை.

பதில் (ரெலாவ்):
அக்கா சொல்வது சரி. நான் கடன் கட்டாமல் ஏலத்துக்கு வந்த வீட்டை எடுத்தேன், விலை குறைவுதான். ஆனால் உள்ளே பார்க்காமலே 10 விழுக்காடு கட்ட வேண்டும். மீதியை 120 நாளுக்குள் கட்டாவிட்டால் அந்தப் பணம் போய்விடும். கதவைத் திறந்தபோது தண்ணீர் மீட்டர் இல்லை, சமையல் மேடை பெயர்க்கப்பட்டிருந்தது. சாமி மாடம் இருந்த சுவரில் குங்குமம் மட்டும் அப்படியே இருந்தது. அன்று வெகுநேரம் அங்கேயே நின்றேன். பழுதுபார்க்க 19,000 ஆனது.

பதில் (ஜெலுத்தோங்):
கடனே வேண்டாம் என்றால் புர்சா மலேசியா பங்குச் சந்தையில் ரீட் (கட்டடங்களை வாங்கி வாடகைக்கு விடும் முதலீட்டு நிதி) பங்குகள் இருக்கின்றன. 100 பங்கிலிருந்து வாங்கலாம். வருமானத்தில் 90 விழுக்காட்டுக்குக் குறையாமல் பகிர்ந்தளித்தால் நிதிக்கு வரிவிலக்கு உண்டு என்பதால் ஈவுத்தொகை ஒழுங்காக வருகிறது. விலை ஏறி இறங்கும், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா. தரகரிடம் இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை. சனிக்கிழமை காலை நிர்வாக அலுவலகத்துக்குப் போகிறேன். லிஃப்டிலும் ஏறிப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.