0.00 வந்தா எட்டு மீனா?

ஸ்கிம்மர்_சித்தப்பா (இரவு 10.12)
பக்கத்துத் திரியில கடல்நண்டு தம்பி கேள்வி கேட்டிருந்தார். சிங்கப்பூர் செங்காங்ல 320 லிட்டர் ரீஃப் தொட்டி (பவளம் வளக்கிற உப்புத்தண்ணித் தொட்டி), எட்டு மாசம் ஆகுது. மீன் மூணு: ரெண்டு கிளவுன், ஒரு ராயல் கிராமா. பவளத்துக்குச் சத்தான நைட்ரேட் 0, பாஸ்பேட் 0.00. மணல் மேல பழுப்பா சளி மாதிரி படியுது, நூல் நூலா நிக்குது, நுனியில குமிழி. நம்ம ரீஃப்_ராசா சொன்ன வைத்தியம் ஒரே வரி: "மீன் பத்தல, எட்டு மீன் போடுங்க, சரியாயிடும்." அதுக்குக் கீழ ஆளாளுக்குக் கைதட்டல். படிச்சதுலேர்ந்து தூக்கம் வரல, அதான் தனித் திரி.

முதல்ல அந்த 0.00 பூஜ்யமே இல்லை. ஹன்னா அல்ட்ரா லோ பாஸ்பரஸ் செக்கர் (தண்ணியை அளக்கிற மீட்டர்) 5 பிபிபி (நூறு கோடியில அஞ்சு பங்கு) முன்னப்பின்ன காட்டும்னு கூட வர்ற தாள்லயே போட்டிருக்கான். அது பாஸ்பரஸ் கணக்கு. பாஸ்பேட்டா மாத்த 3.066-ஆல பெருக்கணும். அதாவது தண்ணியில 0.015 பிபிஎம் (பிபிஎம்னா பத்து லட்சத்துல ஒரு பங்கு) இருந்தாலும் திரையில 0 வரலாம். இல்லாத பூஜ்யத்துக்கு எட்டு உயிரை வாங்கிப் போடச் சொல்றாங்க.

ரீஃப்_ராசா (10.31)
வணக்கம் சித்தப்பா. என் பேரைப் போட்டுத் திரி திறந்ததுக்கு நன்றி. 0.015-ஆ இருந்தா என்ன, 0-வா இருந்தா என்ன? பவளத்துக்கு ரெண்டும் பட்டினிதான். நான் மீனைப் பத்திச் சொன்னேன், நீங்க கால்குலேட்டரைப் பத்திப் பேசறீங்க.

அந்தத் தொட்டியோட விவரத்தை முழுசாப் படிச்சீங்களா? 1000 லிட்டருக்கான ஸ்கிம்மர் (நுரையில அழுக்கை எடுக்கிற கருவி). சம்ப்ல (கீழ்த் தொட்டியில) ஒரு பந்து கீட்டோ பாசி. போதாததுக்கு பாஸ்பேட்டை உறிஞ்சற ஜிஎஃப்ஓ ரியாக்டர். தீனி வாரத்துக்கு மூணு நாள். வரவு மூணு ரூபா, செலவு பத்து ரூபா.

ஸ்கிம்மர்_சித்தப்பா (10.38)
அப்ப செலவைக் குறைக்கச் சொல்லணும். ஜிஎஃப்ஓவைக் கழட்டு, ஸ்கிம்மரை ராத்திரி மட்டும் ஓட்டு, கீட்டோ விளக்கை ரெண்டு மணி நேரம் குறை. காசு ஒண்ணும் ஆகாது. மீன் எதுக்கு? மீன் சத்தை உண்டாக்குதா? தின்னதைத்தான் கழியும். நீ போடற தீனிதான் சத்து. இருக்கிற மூணு மீனுக்கு தினம் ரெண்டு வேளை போட்டாலே ரெண்டு வாரத்துல நம்பர் ஏறும்.

அதோட 0.00 பூஜ்யம் இல்லை.

புதுஉப்பு (10.44)
ஐயா, நான் புதுசு. "குறைஞ்ச சத்து"ன்னா எவ்வளவு? நைட்ரேட் 1 இருந்தா குறைவா, 5 இருந்தா குறைவா?

முத்துநகர்_மாப்ள (10.52)
ராசாண்ணே, ஒரு சந்தேகம். எட்டுன்னா இருக்கிற மூணையும் சேத்து எட்டா, புதுசா எட்டா?

ரீஃப்_ராசா (10.55)
மொத்தம் எட்டு. இது புரியாதா?

ஸ்கிம்மர்_சித்தப்பா (10.57)
"எட்டு மீன் போடுங்க"ன்னுதான் எழுதியிருக்கீங்க. போடுங்கன்னா புதுசாப் போடறது. இப்ப மாத்தறீங்க. படம் எடுத்து வெச்சிருக்கேன்.

ரீஃப்_ராசா (11.03)
எடுத்து சட்டம் போட்டு மாட்டிக்குங்க. ஒருத்தர் தமிழ் வாத்தியார், ஒருத்தர் கணக்கு வாத்தியார்னு இருந்தாப் பரவாயில்ல, ரெண்டும் நீங்களே.

டொரொன்டோ_தொட்டி (11.20)
ரெண்டு பேரும் சண்டை பிடியுங்கோ, ஆனா விசயத்தையும் கொஞ்சம் கதையுங்கோ. சித்தப்பா, மீன் வெறும் தீனி அரைக்கிற மெசின் இல்லை. அதின்ர செவுளாலதான் அமோனியா வருது. பவளத்துக்குள்ள இருக்கிற பாசி நைட்ரேட்டை விட அமோனியத்தைச் சுகமா எடுத்துக்கொள்ளும். 1983-ல சயன்ஸ் சஞ்சிகையில வந்த ஆய்வு ஒண்டு இருக்கு. கரீபியன்ல சென் குரோய் தீவு. பகல்ல கிரன்ட் மீன்குஞ்சுகள் கூட்டமா வந்து பவளத்துக்கு மேல ஒதுங்கி நிக்கும். அதுகள் நிண்ட பவளம், நிக்காத பவளத்தை விடக் கெதியா வளந்திருக்கு. இதைப் போத்தல் நைட்ரேட் செய்யுமோ?

ஸ்கிம்மர்_சித்தப்பா (11.34)
அந்த ஆய்வை நானும் படிச்சிருக்கேன் தம்பி, நீங்க பாதியில நிறுத்திட்டீங்க. அந்தக் குஞ்சுங்க ராத்திரி எங்க போகுது? கடற்புல்லுல மேய. அங்க தின்னுட்டு விடிஞ்சதும் பவளத்து மேல வந்து கழியுது. சத்து வெளியேர்ந்து வருது. உங்க தொட்டிக்குக் கடற்புல் எங்க இருக்கு? உங்க கையில இருக்கிற மைசிஸ் இறால் தீனி பாக்கெட்தான் கடற்புல். ஆக மறுபடியும் தீனி. நான் சொன்னதுதான்.

அவசரம்னா பொட்டாசியம் நைட்ரேட் இருக்கு. 1 கிராம் போட்டா 320 லிட்டர்ல நைட்ரேட் சுமார் 1.9 பிபிஎம் ஏறும். அளந்து போடலாம், வேண்டாம்னா நிறுத்தலாம். மீனை நிறுத்த முடியுமா? பாறையெல்லாம் பிரிச்சுத்தான் பிடிக்கணும்.

முத்துநகர்_மாப்ள (11.37)
பொட்டாசியம் நைட்ரேட்னா நம்ம வெடியுப்புதானே? சிவகாசியில மீன் வளக்காம விட்டுட்டாங்களே!

ரீஃப்_ராசா (11.41)
320 லிட்டர்ங்கிறது கண்ணாடிக் கணக்கு. பாறையும் மணலும் போக 280 தேறினாப் பெரிசு. 1 கிராமுக்கு 2.2 ஏறும். 0.015-க்கு நாலு வரி எழுதற ஆளுக்கு 40 லிட்டர் கண்ல படல.

ஸ்கிம்மர்_சித்தப்பா (11.43)
"சுமார்"னு போட்டிருக்கேன். கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிங்க.

டொரொன்டோ_தொட்டி (11.58)
வெடியுப்பு மட்டும் போட்டா இன்னும் கேடு. 2013-ல சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்து வீடன்மன் ஆக்கள் நேச்சர் கிளைமட் சேஞ்ச்ல எழுதினவை. நைட்ரேட் ஏறி, பாஸ்பேட் இல்லாமப் போனா பவளம் வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் தாங்காது, வெளுக்கும். நைட்ரேட்டைத் தனிய ஏத்தச் சொல்றது அந்தப் பெடியனுக்குக் குழி தோண்டுறது. அதுவும் அந்தத் தொட்டியில பாஸ்பேட்டே இல்லை.

ஸ்கிம்மர்_சித்தப்பா (நள்ளிரவு 12.04)
பாஸ்பேட் இல்லைன்னு யார் சொன்னா? திரையில 0.00 வருது. 0.00 பூஜ்யம் இல்லை. எத்தனை தடவை சொல்றது?

இருந்தாலும் நைட்ரேட் மட்டும் போடுன்னு நான் எங்கயும் சொல்லல. டிரைசோடியம் பாஸ்பேட்டும் சேத்துப் போடணும். ஆனா கடல்நண்டு தம்பியோடது உலர் பாறைன்னு நினைக்கிறேன். புதுசுல சுண்ணாம்புப் பாறை பாஸ்பேட்டை இழுத்துக்கும். காலையில போட்டா சாயங்காலம் காணாது. பயப்படாம தினம் போட்டா பாறை நிரம்பி நிக்கும்.

ரீஃப்_ராசா (12.09)
பாத்தீங்களா? இப்ப இவரே சொல்றார். வெடியுப்பு போடு, பாஸ்பேட் போடு, தினம் போடு, தினம் அள. இதையெல்லாம் சம்பளம் இல்லாம ஒரு மீன் பாக்குமே ஐயா. நைட்ரஜன் பாஸ்பரஸ் விகிதம் 16:1-னு ரெட்ஃபீல்ட் சொன்னபடி தீனியிலயே வருது.

ஸ்கிம்மர்_சித்தப்பா (12.15)
வந்துட்டார் ரெட்ஃபீல்டோட! 106:16:1-ங்கிறது அணு எண்ணிக்கை, கடல் மிதவை உயிர்களைப் பத்தினது. நைட்ரேட், பாஸ்பேட் பிபிஎம்ல பாத்தா ஏறக்குறைய 10:1 வரும். 16:1-ஐ அப்படியே டெஸ்ட் கிட் நம்பர் மேல வெக்கிற கூத்து உங்க வீடியோவுலயும் இருக்கு. மூணு வருஷமா மாத்தல.

புதுஉப்பு (12.17)
குறைஞ்ச சத்துன்னா எவ்வளவுன்னு யாராவது...

முத்துநகர்_மாப்ள (12.26)
எனக்கு வேற ஒரு டவுட்டு. சித்தப்பா மெட்ராஸ்லதானே இருக்கீங்க? 2001-லேர்ந்து கல்பவளம் பூரா வனஉயிர்ச் சட்டத்துல அட்டவணை ஒண்ணு, புலி கணக்கு. மன்னார் வளைகுடாவுல கால்ல ஒட்டினதைக் கூடக் கொண்டுவர முடியாது. உங்க தொட்டியில அக்ரோபோரா (கிளை விடற கல்பவளம்) எப்படி?

ஸ்கிம்மர்_சித்தப்பா (12.33)
என் தொட்டியில கல்பவளம் ஒண்ணு கூட இல்லை. சோயாந்திட், லெதர், மஷ்ரூம்னு கல் இல்லாத மென்வகைங்க, அவ்வளவுதான். சட்டம் தெரிஞ்சு வளக்கறவன் நான்.

ரீஃப்_ராசா (12.34)
அப்படிப் போடுங்க. அக்ரோபோரா இல்லாத மனுஷன்தான் இவ்வளவு நேரம் அக்ரோபோராவுக்குப் பாடம் எடுத்தாரா? லெதர் சாக்கடையிலயும் வளரும் சித்தப்பா.

ஸ்கிம்மர்_சித்தப்பா (12.49)
மஸ்கட்ல இருந்தப்ப ஒன்பது வருஷம் அக்ரோபோரா வெச்சிருந்தேன். காரத்தன்மை 7.5 டிகேஎச்ல நிறுத்தி, ஒரு நுனி கூட எரியாம. சத்து குறைஞ்ச தொட்டியில 10, 11-ன்னு ஏத்தினா நுனி வெள்ளையாகும்னு இங்க முதல்ல எழுதினவன் நான்தான், பழைய திரியெல்லாம் இருக்கு, போய்ப் பாருங்க. அன்னிக்கு நீங்க தங்கமீன் வளத்துக்கிட்டிருந்தீங்க.

ஃப்ராக் (வெட்டிக் குடுக்கிற பவளத் துண்டு) பத்திப் பேச உங்களுக்கு வாய் இருக்கா? சிங்கப்பூர் வந்தப்ப ஆசையா ஒரு சோயாந்திட் குடுத்தீங்களே, பவளச் சட்டத்துல வராதுன்னு கொண்டுவந்தேன். கூடவே ஏப்டேசியாங்கிற களைப்பூச்சி. இன்னும் பெப்பர்மின்ட் இறால் வாங்கிக்கிட்டிருக்கேன்.

ரீஃப்_ராசா (12.53)
வாங்கினதை டிப் பண்ணாம (மருந்துத் தண்ணியில முக்காம) தொட்டியில போட்டது யாரு? அதுவும் நானா?

ஸ்கிம்மர்_சித்தப்பா (12.55)
டிப்புக்கு ஏப்டேசியா சாகாது. அது கூடத் தெரியல.

டொரொன்டோ_தொட்டி (1.10)
ஏப்டேசியாக் கதை போன மார்கழியிலயும் வந்தது. சித்தப்பா, நான் கேட்டதுக்கு மறுமொழி இல்லை. அமோனியம்?

ஸ்கிம்மர்_சித்தப்பா (1.14)
மறுமொழி சொல்லியாச்சு. கடற்புல்.

தம்பிக்கு உண்மையிலேயே உதவணும்னா முதல்ல அந்தச் சளி என்னன்னு பாருங்க. கொஞ்சம் உறிஞ்சி பாட்டில்ல போட்டுக் குலுக்கி, காபி ஃபில்டர்ல வடிகட்டி, வடிஞ்ச தண்ணியை விளக்கடியில ஒரு மணி நேரம் வைக்கணும். திரும்ப ஒண்ணு கூடி நூலாச்சுன்னா அது டைனோ (டைனோஃபிளாஜெல்லேட்ங்கிற நுண்ணுயிர்). மைக்ரோஸ்கோப்ல ஆஸ்ட்ரியாப்சிஸ் வகைன்னு தெரிஞ்சா தண்ணியை யூவி விளக்குல விடணும். அது ராத்திரி தண்ணியில மிதக்கும், மாட்டும். ஆம்ஃபிடினியம்னா மணலை விட்டு வராது, யூவி வேஸ்ட். நத்தை செத்திருக்கான்னு கேளுங்க. இதுல ஒண்ணையாவது கேட்டாரா? நேரா எட்டு மீன். குவாரன்டைன் (புது மீனைத் தனியா வெக்கிறது)? வெள்ளைப்புள்ளி நோய் வந்தா யார் பொறுப்பு?

ரீஃப்_ராசா (1.20)
குவாரன்டைன் வேண்டாம்னு நான் சொன்னேனா? மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு விட்டேன். இப்பவும் சொல்றேன், மூணு மீன் உள்ள தொட்டி பட்டினித் தொட்டி. அஞ்சு குரோமிஸ் மீன் போட்டா முடிஞ்சது.

முத்துநகர்_மாப்ள (1.24)
குரோமிஸா! நான் ஏழு வாங்கினேன். ஒண்ணை ஒண்ணு கொத்தியே ஆறு மாசத்துல ஒத்தையா நின்னுது. எட்டுக் கணக்கு ஒண்ணுக்குத்தான் வரும்ணே.

கடல்நண்டு (1.41)
அண்ணன்களே, இப்பதான் பாக்கறேன். எனக்காக இவ்வளவு நேரம் முழிச்சிருக்கீங்க, நன்றி. ராசா அண்ணன் சொன்னபடி நேத்தே ஆறு குரோமிஸ் வாங்கி விட்டுட்டேன். குவாரன்டைன் தொட்டி கிடையாது. இப்ப எண்ணினா அஞ்சுதான் இருக்கு. பாறைக்குப் பின்னாடி இருக்கலாம். செக்கர்ல இன்னும் 0.00 தான்.

ஸ்கிம்மர்_சித்தப்பா (1.43)
தம்பி, 0.00 பூஜ்யம் இல்லைன்னு முதல் பதிவுலயே எழுதியிருக்கேன். மேல போய்ப் படிங்க. அந்த ஆறாவது மீனைத் தேடுங்க, தண்ணி வழியற ஓவர்ஃப்ளோ பெட்டியிலயும் பாருங்க.

ரீஃப்_ராசா (1.46)
நேத்துப் போட்டு இன்னிக்கு நம்பர் ஏறுமா? தீனியைக் கூட்டுங்க தம்பி. அஞ்சும் மூணும் எட்டு. கணக்கு சரியாத்தான் வந்திருக்கு.

ஸ்கிம்மர்_சித்தப்பா (1.47)
"தீனியைக் கூட்டுங்க." இதைத்தானே பத்து முப்பத்தெட்டுலேர்ந்து நான் சொல்லிட்டிருக்கேன்?

ரீஃப்_ராசா (1.48)
நீங்க சொன்னது மூணு மீனுக்கு.