பொருள்: 'டார்க் மணி' கருப்புப் பணம் அல்ல, பிறகு என்ன சொல்வது?

பாலக்கோட்டிலிருந்து (மொழிபெயர்ப்பு):

குழுவினருக்கு வணக்கம். கட்சிகளுக்கு நிறுவனங்கள் தரும் பணம் பற்றி ஒரு கையேடு, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரி மாணவர்களுக்காகத் தமிழில் தயாராகிறது. பக்கத்துக்குப் பக்கம் 'டார்க் மணி' வருகிறது, அதாவது தந்தவர் யாரென்று வெளியே தெரியாத அரசியல் பணம். வரைவில் ஓரிடத்தில் 'கருப்புப் பணம்', இன்னோரிடத்தில் 'இருட்டுப் பணம்' என்று போட்டிருக்கிறார்கள். 'மூலமறை நிதி' என்று மாற்றலாமா? 'க்விட் ப்ரோ க்வோ'வுக்கும் (பணத்துக்குப் பதில் சலுகை) ஒரு சொல் வேண்டும்.

தருமபுரியிலிருந்து (தணிக்கை):

கருப்புப் பணத்தை முதலில் அடித்துவிடுங்கள். அது கணக்கில் வராத பணம். நீங்கள் சொல்லும் பணம் கணக்கில் வந்தது, வங்கி வழியாகப் போனது. கொடுத்தவர் பெயர் மட்டும்தான் காணோம்.

தேர்தல் பத்திரத்தையே பாருங்கள், வங்கியில் வாங்கிக் கட்சிக்குத் தரும் சீட்டு. 2018 ஜனவரி 2 அன்று அறிவிக்கை; 2024இல் ரத்தாகும் வரை இருந்த நடைமுறை இது. விற்றது ஸ்டேட் வங்கி மட்டும். ஆயிரம், பத்தாயிரம், லட்சம், பத்து லட்சம், கோடி என ஐந்து மதிப்பு. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் பத்துப் பத்து நாள் விற்பனை. வாங்குபவர் கேஒய்சி (அடையாளச் சான்று) ஆவணம் கொடுத்தாக வேண்டும், பணம் வங்கிக் கணக்கிலிருந்து வர வேண்டும். கட்சி 15 நாளுக்குள் தன் கணக்கில் போட வேண்டும்; தவறினால் பிரதமர் தேசிய நிவாரண நிதிக்குப் போய்விடும். இதில் கருப்பு எங்கே வந்தது? ஆனால் பத்திரத்தில் கொடுத்தவர் பெயர் கிடையாது. யார் தந்தது என்று கட்சி தேர்தல் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டாம். எந்தக் கட்சிக்குத் தந்தோம் என்று நிறுமம் (கம்பெனி) தன் இலாப நட்டக் கணக்கில் காட்டவும் வேண்டாம். இரண்டு விலக்கும் 2017 நிதிச் சட்டம் கொடுத்தவை.

சொல்லப்போனால் 'பத்திரம்' என்பதே பொருந்தவில்லை. வட்டி கிடையாது, கொண்டுவருபவருக்குப் பணம் தரும் புரோநோட்டு அது. நம் பக்கம் பத்திரம் என்றால் கிரையப் பத்திரம்தான். பத்திரிகைகளில் ஊன்றிப்போனதால் அதைக் கிளற வேண்டாம்.

அரூரிலிருந்து (தமிழாசிரியை):

> 'மூலமறை நிதி' என்று மாற்றலாமா?

வேண்டவே வேண்டாம். 'மூலமறை' என்றால் பக்தி நூல் படித்தவருக்கு ஆதி வேதம். திருப்பிப் போட்டு 'மறைமூலம்' என்றீர்களானால் பேருந்து நிலையச் சுவரில் உள்மூலம், வெளிமூலம், பவுத்திரம் என்று எழுதியிருக்கும் வைத்தியசாலை விளம்பரத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளும்.

'மறைகொடை' என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் கொடை உயர்ந்த சொல். கொடுத்தது வெளியே தெரியக் கூடாது என்பது நம்மிடம் குறையாக அல்ல, பெருமையாகவே பேசப்படும். அதியமான் ஆண்ட தகடூரில் இருந்துகொண்டு இதற்குக் கொடை என்று பெயர் வைப்பது நியாயமாகப் படவில்லை. 'நிதி' போதும், அந்தச் சொல் புகழாது, பழிக்காது.

ஓசூரிலிருந்து (நிறுமச் செயலர்):

டீச்சர் சொன்னது சரி. பேச்சுவழக்கில் ஒன்று கையருகே இருக்கிறதே, மொட்டைக் கடிதாசி. அந்த வழியில் 'மொட்டை நன்கொடை' என்றால் என்ன? கேட்டதும் புரியும். 'அநாமதேய நிதி'யைவிட எவ்வளவோ மேல்.

கிருஷ்ணகிரியிலிருந்து (வழக்கறிஞர்):

'மொட்டை' நல்ல சொல், இடம்தான் வேறு. மொட்டைக் கடிதாசியில் எழுதியவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. தேர்தல் பத்திரத்தில் வங்கிக்குத் தெரியும். கொடுத்தவர் நேரில் போய்ச் சொல்லியிருந்தால் கட்சிக்கும் தெரியும். தெரியாதவர் வாக்காளர் மட்டும். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு ஒருமனதாகத் திட்டத்தை ரத்து செய்ததற்கு அடிப்படையே அதுதான்: அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் வாக்காளரின் தகவல் உரிமை. 'அநாமதேயம்' என்றாலும் இதே கோளாறு வரும்.

மொட்டை என்பது அப்படியே பொருந்துகிற இடம் ஒன்று உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29இ பிரிவின்படி ஒருவர் ஓர் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் தந்தால்தான் கட்சி அவர் பெயரை ஆணையத்துக்குக் கொடுக்க வேண்டும். அதற்குக் கீழே மொத்தத் தொகை மட்டும் காட்டினால் போதும். ரொக்கமாக வாங்கினால் ஒருவரிடம் 2,000 வரைதான் என்று 2017இல் குறைத்தார்கள். பெரிய தொகையைச் சிறு சிறு பெயர்களாக உடைத்துக் காட்டிவிட்டால் கண்டுபிடிக்க வழியில்லை. அதற்கு 'மொட்டை நன்கொடை' என்று வையுங்கள். பத்திரத்துக்கு வேறு சொல் வேண்டும். யாரோ வேண்டுமென்றே மறைத்தார்கள் என்ற பொருள் அதில் தெரிய வேண்டும். 'பெயர்மறை நிதி' என்பது என் பரிந்துரை.

அரூரிலிருந்து:

வக்கீல் சார் சொல்லில் பாதி சரி. 'மறை' என்று முடிந்தால் இலக்கணம் படித்த பிள்ளைகள் எதிர்மறை என்று எடுத்துக்கொள்வார்கள். 'பெயர்மறைப்பு நிதி' என்றால் மறைக்கும் செயல் தெளிவாகிறது. 'பெயர்மறைப்பு நிதியை', 'பெயர்மறைப்பு நிதிக்கு' என்று வேற்றுமை ஏற்றிப் பார்த்தேன், இடறவில்லை. தலைப்புச் செய்திக்கு இரண்டெழுத்து நீளம், பரவாயில்லை.

பாலக்கோட்டிலிருந்து:

ஒரு சந்தேகம். பெயர்கள்தான் வெளியே வந்துவிட்டனவே. கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனம் 1,368 கோடிக்கு வாங்கியது எல்லோருக்கும் தெரியும். இன்னும் அதைப் பெயர்மறைப்பு நிதி என்று எழுதலாமா?

தருமபுரியிலிருந்து:

எழுதலாம். கொடுத்த நாளில் மறைந்திருந்தால் அந்தப் பெயர்தான். வெளிவந்த விதத்தையும் கையேட்டில் சேருங்கள், மாணவர்கள் தாங்களே செய்து பார்க்கட்டும்.

நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மார்ச் 14 அன்று ஆணையம் போட்டவை இரண்டு தனித்தனிப் பட்டியல்கள்: வாங்கியவர் ஒன்றில், பணமாக்கிய கட்சி இன்னொன்றில். இரண்டையும் இணைக்கும் பத்திர எண் இல்லை. நாளையும் தொகையையும் வைத்துப் பொருத்தினால் தப்பாகத்தான் முடியும். ஒரே நாளில் ஒரே மதிப்பில் பலர் வாங்கியிருப்பார்கள். நீதிமன்றம் மறுபடி கண்டித்த பிறகு மார்ச் 21இல் எண்ணோடு வந்தது. அதில் முன்னெழுத்து (மதிப்புக்கு ஏற்ப மாறுவது), எண் இரண்டையும் சேர்த்து ஒரே சாவியாக்கிக்கொண்டு பொருத்த வேண்டும். எண்ணை மட்டும் வைத்தால் கோடி ரூபாய்ப் பத்திரம் லட்ச ரூபாய்ப் பத்திரத்தோடு ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. அப்படியும் சில ஒட்டாது: பட்டியல் 2019 ஏப்ரல் 12இலிருந்துதான் தொடங்குகிறது, அதற்கு முன்பு வாங்கி, அதற்குப் பின் பணமாக்கியவை ஒருபக்கம் மட்டும் நிற்கும். ஒரே நிறுவனத்தின் பெயர் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பதையும் கூட்டுத்தொகை போடுமுன் சரிசெய்ய வேண்டும். துணை நிறுவனங்கள் தனித்தனிப் பெயரில் வாங்கியிருந்தால் குழுமத்தின் மொத்தம் தானாக வராது.

ஓசூரிலிருந்து:

வரையறையில் 'நிறுமங்கள் தரும்' என்று போட்டுவிடாதீர்கள். நிறுமச் சட்டத்தின் 182ஆம் பிரிவு நிறுமத்தை மட்டும்தான் கட்டும். கிரானைட் குவாரியோ மாங்கூழ் ஆலையோ கூட்டாண்மையாக இருந்தால் அந்தப் பிரிவுக்கு வேலையில்லை. ஆனால் பத்திரம் அவர்களும் வாங்கியிருக்கலாம்.

182 கேட்பவை இவை: நிறுமம் தொடங்கி மூன்று நிதியாண்டு ஆகியிருக்க வேண்டும், அரசு நிறுமமாக இருக்கக் கூடாது, இயக்குநர் குழுத் தீர்மானம் வேண்டும், ரொக்கம் ஆகாது. உச்சவரம்பு, முந்தைய மூன்று ஆண்டு நிகர இலாபச் சராசரியில் 7.5 விழுக்காடு. இலாபம் 4, 6, 5 கோடி என்றால் சராசரி 5 கோடி, கொடுக்கக்கூடியது 37.5 லட்சம். இந்த வரம்பைத்தான் 2017இல் எடுத்தார்கள். நட்டத்தில் ஓடும் நிறுமமும், மூன்று ஆண்டு கடந்திருந்தால், எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம் என்றாகிப்போனது. அப்படித் தந்தால் பணம் உண்மையில் யாருடையது என்ற கேள்வி எழத்தானே செய்யும்? அந்த நீக்கத்தையும் நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. மீறினால் தந்த தொகையைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம், பொறுப்பான அலுவலருக்கு ஆறு மாதம் வரை சிறை.

இன்னொன்று, மாநாட்டு மலர். கட்சி வெளியிடும் மலரில் நிறுமம் கொடுக்கும் விளம்பரமும் சட்டப்படி அரசியல் பங்களிப்புதான். விளம்பரச் செலவு என்று எழுதிவிட்டுத் தப்பிக்க முடியாது. கையேட்டில் 'நன்கொடை' என்று மட்டும் இருந்தால் இது விடுபட்டுவிடும். 'பங்களிப்பு' என்று போடுங்கள்.

அரூரிலிருந்து:

> 'க்விட் ப்ரோ க்வோ'வுக்கும் ஒரு சொல்

குறள் 221இல் ஒரு சொல் காத்துக்கிடக்கிறது: குறியெதிர்ப்பை. கொடுத்த அளவே திரும்பி வரும் என்று எதிர்பார்த்துக் கொடுப்பது. ஏழைக்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை என்கிறார். இதைவிடக் கச்சிதமாக எங்கே கிடைக்கும்?

தருமபுரியிலிருந்து:

அழகான சொல், ஆனால் வரிசையைக் கட்டிப்போடுகிறது. முதலில் கொடுத்து, பிறகு பெறுவது. 'கைம்மாறு'ம் அப்படியே. இங்கே இரண்டு வரிசையும் நடக்கும். மாந்தோப்பில் பூ விட்டதுமே வியாபாரி முன்பணம் கொடுத்துக் காய்ப்பைப் பிடிப்பதுபோல் தேர்தலுக்கு முன் பணம், பின்னால் கொள்கை என்பது ஒரு வகை. ஒப்பந்தம் கையெழுத்தான பின் பணம் போவது இன்னொரு வகை. இரண்டாவதைக் குறியெதிர்ப்பை என்றால் தப்பாகிவிடும்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

'கொடுக்கல் வாங்கல்' இருக்கிறதே. எது முன், எது பின் என்று அது சொல்வதில்லை. நீதிமன்றத் தமிழுக்குச் 'சலுகைக் கொடுக்கல் வாங்கல்' என்று முன்னொட்டுப் போட்டால் கைமாற்றுக் கடனோடு குழம்பாது.

அரூரிலிருந்து:

ஒப்புக்கொள்கிறேன், மனசில்லாமல். குறியெதிர்ப்பையை அடிக்குறிப்பிலாவது வையுங்கள்.

பாலக்கோட்டிலிருந்து:

சேர்த்துவிடுகிறேன். தேர்தல் அறக்கட்டளை வழியாக வரும் பணம் பெயர்மறைப்பு நிதியில் சேருமா?

ஓசூரிலிருந்து:

முழுதாகச் சேராது. 2013 திட்டப்படி, அறக்கட்டளை ஓராண்டில் வாங்கியதில் 95 விழுக்காட்டை அந்த நிதியாண்டுக்குள்ளேயே கட்சிகளுக்குப் பிரித்துத் தந்துவிட வேண்டும். தந்தவர் பட்டியலும் பெற்ற கட்சிப் பட்டியலும் ஆணையத்துக்குப் போகும். பெயர் மறையவில்லை. பல நிறுவனங்களின் பணம் ஒரே கணக்கில் கலப்பதால் யாருடைய பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்ற தொடுப்பு மட்டும் அறுந்துவிடுகிறது. 'தொடுப்பறு நிதி' என்று தனியே வைக்கலாம். 'தொடுப்பு'க்கு நம் ஊர்ப் பேச்சில் வேறு பொருளும் உண்டு, டீச்சர் மன்னிக்கவும்.

அரூரிலிருந்து:

அதனால்தான் 'இணைப்பறு நிதி' என்கிறேன். பதிவை இப்படி வையுங்கள்:

பெயர்மறைப்பு நிதி: சட்டப்படி கணக்கில் வந்து, தந்தவர் யாரென்பது வாக்காளருக்கு மட்டும் தெரியாதபடி மறைக்கப்பட்ட அரசியல் பங்களிப்பு. தருபவர் தனியாளாகவோ, கூட்டாண்மையாகவோ, நிறுமமாகவோ இருக்கலாம். கருப்புப் பணம், மொட்டை நன்கொடை, இணைப்பறு நிதி ஆகியவற்றிலிருந்து வேறு.