'வெல்...' என்று இழுத்தால் கவனியுங்கள்: பேச்சு ஆங்கிலத்தில் உங்கள் அனுபவம்

வைகைக்கரை:

நாட்டிங்ஹாமில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) பரீட்சைக்குப் படித்த ஆங்கிலம் வேறு, வார்டில் நாள் முழுக்கக் காதில் விழும் ஆங்கிலம் வேறு. 'டூ யூ வான்ட் எ கப் ஆஃப் டீ?' என்று முழுசாகக் கேட்பவர்கள் குறைவு; 'ஃபேன்ஸி எ கப்பா?' அவ்வளவுதான். எழுவாய், துணைவினை எல்லாம் உதிர்ந்துவிடும். வயதானவர்கள் நம்மை 'டக்' என்று கூப்பிடுவார்கள். ஈஸ்ட் மிட்லாண்ட்ஸ் பக்கத்து வழக்கம் அது, நம்மூர் 'கண்ணு' மாதிரி.

இதில் என் வேலைக்கே உதவிய விஷயம் ஒன்று உண்டு. ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஒரு பெரியவரிடம், வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்தார். கொஞ்சம் கழித்துத்தான், 'வெல்... நாட் டூ பேட், டக்' என்றார். வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டால் பரவாயில்லை என்றுதான் அர்த்தம். ஆனால் அந்தத் தாமதமும் இழுப்பும் சரியாகப் படவில்லை. பத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன். எட்டு என்றார். எழுதி வைத்திருந்த வலி மருந்தைக் கொடுத்துவிட்டு டாக்டரிடமும் சொன்னேன்.

உரையாடல் ஆய்வாளர்கள் இதை விளக்கியிருக்கிறார்கள். கேள்வி–பதில், அழைப்பு–சம்மதம் என்று ஜோடியாக வருவது 'அட்ஜசன்சி பேர்'. கேட்டவர் எதிர்பார்க்கும் பதில் என்றால் சட்டென்று வந்துவிடும். மறுப்போ கெட்ட செய்தியோ என்றால் முதலில் மௌனம், அப்புறம் 'அம்', 'வெல்', ஒரு சமாதானம், கடைசியில்தான் விஷயம். 2009-இல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஆய்வில், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரி இடைவெளி சுமார் 200 மில்லிசெகண்ட்தான். அப்படியானால் ஒரு செகண்ட் மௌனம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். நோயாளியிடம் பேசும் எல்லோருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டும்.

புளியமரத்தடி:

அக்கா, போனில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். லெஸ்டரில் இன்சூரன்ஸ் க்ளெய்ம் போன்களை எடுக்கிறேன். எதிர்முனையில் இருப்பவர் பேசும்போது நாம் நடுநடுவே 'ம்ஹ்ம்', 'ரைட்', 'யா' போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதை பேக்சேனல் என்பார்கள், 1970-இல் மொழியியலாளர் விக்டர் இங்வே வைத்த பெயர். பக்கத்து சீட்டுக்குப் புதிதாக வந்த தம்பி, மரியாதைக்காக வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். வீட்டில் தண்ணீர் புகுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்த அம்மா பாதியில் நிறுத்தி, 'ஹலோ? ஆர் யூ ஸ்டில் தேர், லவ்?' என்றார்.

போனை வைப்பதற்கும் முறை இருக்கிறது. 'எனிவே', 'ரைட் தென்' என்று வந்தால் முடிக்கப் போகிறார்கள். உடனே வைத்துவிட்டால் கோபமோ என்று நினைப்பார்கள். 'ஓகே', 'லவ்லி', 'சியர்ஸ்', 'பை', 'பை-பை' என்று இருவரும் மாறி மாறிச் சொல்லித்தான் முடியும். உரையாடல் ஆய்வாளர்களான ஷெக்லாஃபும் சாக்ஸும் 1973-இல் இந்த முடிப்பைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

நொய்யல்:

கோவையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். பாடப்புத்தக உரையாடல்களில் யாரும் தயங்குவதில்லை. அதனால் 'அம்' வந்தாலே தப்பு என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள். இனி முதலில் கேட்க வைக்கப் போகிறேன். வாக்கியக் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் குட்டிக் கேள்வியான டேக் கொஸ்டின் பற்றியும் யாராவது எழுதுங்கள். 'கோல்ட், இஸின்ட் இட்?' என்று குரல் இறங்கினால் ஆமோதிக்கச் சொல்கிறார்கள், ஏறினால் நிஜமாகவே கேட்கிறார்கள். பஸ் ஸ்டாப்பிலோ கடையிலோ கேட்டது இருந்தால் இங்கே போடுங்கள், வகுப்பில் பயன்படுத்திக்கொள்கிறேன்.