மறு: பின்பெட்டி மாட்டிய பைக்கின் ஆட்டம் – ஒரு சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம். பின்பெட்டி மாட்டிய பைக்கில் வரும் வீவ் (weave), வாபிள் (wobble) என்ற ஆட்டங்களுக்கு நம் அகராதியில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> வீவ், வாபிள் இரண்டுக்கும் 'அலைவு' போதும். பள்ளிப் பாடநூலிலேயே இருக்கும் சொல். எதற்கு இன்னொன்று?

ஐயா, அங்கேதான் இடிக்கிறது. அலைவு பொதுப்பெயர். கடிகார ஊசலுக்கும் அதுதான், தொங்கு பாலத்துக்கும் அதுதான். பெட்டி மாட்டிய பைக்கில் வருவதோ இரண்டு வெவ்வேறு ஆட்டம். ஒன்றுக்குப் பார்க்கும் வைத்தியம் மற்றதைக் கிளப்பிவிடக்கூடும். மெக்கானிக்கிடம் போய் "வண்டி ஆடுது" என்று மட்டும் சொன்னால் அவர் எதைக் கழற்றுவார்?

பெட்டி என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். சென்னை ஜி.பி. ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ கேரியர் அடித்துப் பெட்டி மாட்டிக் கொடுக்கும்போது, அது பெரும்பாலும் பின்சக்கர அச்சுக்குப் பின்னால் தள்ளித்தான் உட்காரும். பெட்டியும் சாமானும் சேர்ந்து 10 கிலோ, அதன் ஈர்ப்பு மையம் அச்சுக்கு 30 செ.மீ. பின்னால், இரண்டு அச்சுகளுக்கும் இடையே 130 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நெம்புகோல் கணக்குப்படி முன்சக்கரத்தில் சுமார் 2.3 கிலோ குறையும், பின்சக்கரத்தில் 12.3 கிலோ ஏறும். வைத்தது பத்துதான், பின் டயர் சுமப்பது அதற்கும் மேல். போதாததற்குப் பின் ஷாக் அப்சார்பர் அமுங்கி, முன் போர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) இன்னும் கொஞ்சம் மல்லாந்து சாய்கிறது. ராத்திரியில் எதிரே வருபவர் நம் ஹெட்லைட்டைப் பார்த்துத் திட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எடையைவிட இடம்தான் பெரிய விஷயம். நிலைமத் திருப்புத்திறன், அதாவது ஒன்றைத் திருப்புவதும் திரும்புவதை நிறுத்துவதும் எவ்வளவு கடினம் என்பது, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அந்த 10 கிலோவை டேங்க் மேல் பையில் வைத்தால் வண்டியின் ஈர்ப்பு மையத்திலிருந்து 30 செ.மீ., பின்பெட்டியில் வைத்தால் 90 செ.மீ. என்றால், தூரம் மூன்று மடங்கு, திருப்புத்திறன் ஒன்பது மடங்கு. ஆட ஆரம்பித்த பின்பகுதியை நிறுத்துவது அவ்வளவுக்கு அவ்வளவு சிரமம்.

இனி அந்த இரண்டு ஆட்டங்கள். வாபிள் என்பது முன்சக்கரமும் போர்க்கும் ஹேண்டிலும் சேர்ந்து திருப்பு அச்சில் இடம் வலமாகப் படபடவென்று துடிப்பது. நொடிக்கு 6 முதல் 10 முறை, கண்ணுக்கு ஹேண்டில் மங்கலாகத் தெரியும் அளவுக்கு. நடுத்தர வேகத்தில், கையைத் தளர்த்தும்போது அதிகம் வரும். கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) தளர்ந்திருந்தால், முன் டயர் தேய்ந்திருந்தால் இன்னும் சுலபமாக வரும். முன்பக்க பாரத்தைக் குறைத்துப் பெட்டியும் இதற்குத் துணைபோகிறது.

வீவ் அப்படியல்ல. அது மெதுவான ஆட்டம், நொடிக்கு 2 முதல் 4 முறை. ஹேண்டில் மட்டுமல்லாமல் முழு வண்டியும் சாய்ந்து, திரும்பி, மறுபக்கம் சாய்ந்து போகும். வேகம் கூடக்கூட வலுக்கும். வெளிவட்டச் சாலையில் கன்டெய்னர் லாரியை முந்தி வெளியே வரும் இடத்தில், பெட்டியின் பக்கவாட்டில் காற்று அறைந்ததும் இது தொடங்கினால் ஓட்டுபவருக்கு உடனே புரியும். பின் டயரில் காற்று குறைவு, ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) புஷ் தேய்மானம், பின் ஷாக்கின் தளர்ச்சி ஆகியவை இதை மோசமாக்கும்.

வைத்தியம் மற்றதைக் கிளப்பும் என்று சொன்னேன் அல்லவா? ஹேண்டில் துடிப்பை அடக்க ஸ்டீயரிங் டாம்பர் போடுவார்கள். அது வாபிளை அடக்கும், ஆனால் அதிவேக வீவைக் கூட்டிவிடலாம். 1971-இல் ராபின் ஷார்ப் என்ற ஆய்வாளர் இரு சக்கர வண்டியின் நிலைத்தன்மையைக் கணிதமாக ஆராய்ந்தபோதே இவற்றைத் தனித்தனி இயக்கங்களாகத்தான் பிரித்தார். மூன்றாவது, வண்டி மெல்லச் சாய்ந்தே விழுவது. அதற்குக் 'கவிழ்வு' இருக்கிறது, யாருக்கும் சண்டை இல்லை.

சரி, சொற்களுக்கு வருவோம். வீவ் என்றால் ஆங்கிலத்தில் நெய்வது என்பதால், அதற்கு ஒருவர் 'நெசவாட்டம்' என்று எழுதியிருந்தார். நெசவைக் காஞ்சிபுரத்திலேயே விட்டுவிடலாம். 'நெளிவு' நல்ல சொல்தான், ஆனால் ஒர்க்ஷாப்பில் ரிம் நெளிந்தாலும் மட்கார்டு நெளிந்தாலும் அதையேதான் சொல்வார்கள். 'கோட்டம்' அதைவிட மோசம். சைக்கிள் கடைக்காரர் கோட்டம் எடுப்பது சக்கரத்தை நேராக்க.

> 'வாலாட்டம்' எப்படி? பின்னால் ஆடுவது பளிச்சென்று தெரிகிறதே.

தெரிகிறது அம்மா, எனக்கும் பிடித்தது. "என்கிட்ட வாலாட்டாதே" என்ற பொருள் குறுக்கே வருவதுகூடப் பரவாயில்லை, பெட்டிக்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள். சிக்கல் வேறு. மழையில் பின் பிரேக்கை மிதித்துச் சக்கரம் பூட்டிக்கொண்டு பின்பக்கம் வழுக்கி இப்படியும் அப்படியும் போகிறதே, அதற்குத்தான் வாலாட்டம் அப்படியே பொருந்தும். அது டயர் பிடி விட்டுப்போய் வருவது. வீவில் இரண்டு டயரும் தரையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். அந்தச் சொல்லை வழுக்கலுக்கு வைத்துக்கொள்வோம்.

என் முன்மொழிவு: வாபிள் = உதறல், வீவ் = தள்ளாட்டம்.

குளிர் காய்ச்சல்காரருக்கு உடம்பு உதறுவதும், போதையில் வருபவர் தள்ளாடுவதும் ஒன்றல்ல என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முதலாவது சின்னதும் வேகமும், இரண்டாவது பெரியதும் மெதுவும். "ஹேண்டில் உதறுது" என்று இப்போதே பலர் சொல்கிறார்கள். கிளைச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன: உதறல் தணிப்பான், தள்ளாட்ட வேகம்.

ஒரு மறுப்பை நானே எடுத்து வைக்கிறேன். தள்ளாடுவது என்றால் நிற்கப்போகும் வண்டி என்று நினைப்பு போகும், வீவோ ஓடும் வேகத்தில் வருவது. நியாயமான மறுப்புதான். ஆனால் சிக்னலில் ஊர்ந்து போகும்போது தடுமாறுவதை நாம் "பேலன்ஸ் போச்சு" என்கிறோம், யாரும் தள்ளாட்டம் என்பதில்லை. அகராதியில் 'அதிவேகத் தள்ளாட்டம்' என்று முதல் முறை விரித்து எழுதிவிட்டால் போதும்.

விளக்கக் குறிப்பில் இதையும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் படிப்பவர்கள் பெரும்பாலும் ஓட்டுபவர்கள். தள்ளாட்டம் தொடங்கினால் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கக் கூடாது, பிரேக்கைச் சட்டென்று அழுத்தக் கூடாது. ஆக்சிலரேட்டரை மெதுவாக விட்டு, உடம்பை முன்னால் சாய்த்து வேகம் குறையவிட வேண்டும். பெட்டி மாட்டியதும் பின் ஷாக்கின் அடியிலுள்ள படிப்படியான வளையத்தை, டூல்கிட்டில் வரும் கொக்கி ஸ்பானரால் ஓரிரு படி ஏற்ற வேண்டும். பல சாதாரண பைக்குகளில் ஐந்து படி இருக்கும், எண்ணெயும் மண்ணும் ஏறித் திரும்ப மறுத்தால் முதலில் துடைத்துவிட்டு முயலவும். டயர் காற்றை கையேட்டில் சுமையோடு ஓட்டுவதற்குப் போட்டிருக்கும் அளவுக்கு ஏற்ற வேண்டும். கனமான சாமானைப் பெட்டியின் அடியில், முன்பக்கம் ஒட்டி வைப்பது நல்லது. பல பெட்டிகளில் எடை வரம்பும் வேக வரம்பும் மூடிக்குள் ஒட்டியிருக்கும். நம்மில் யார் படிக்கிறோம், அது வேறு கதை.

அப்புறம், பைக்கின் இரு பக்கமும் மாட்டும் பேனியர் என்பதற்குப் 'பக்கப்பெட்டி' என்று முடிவாகும்போல் தெரிகிறது. எதிர்ப்பில்லை. ஆனால் கழுதையின் இரு பக்கமும் தொங்குவதைப் பொதி என்றுதானே சொல்லி வந்திருக்கிறோம்? துணியில் வருவது 'பொதிப்பை', கெட்டியாக வருவது 'பொதிப்பெட்டி' என்றால் இரண்டும் ஒரே குடும்பமாகிவிடும். இதில் பிடிவாதம் இல்லை. உதறல், தள்ளாட்டம் இரண்டிலும் உண்டு. மாற்றுக் கருத்துள்ளவர்கள் டாம்பர் விஷயத்துக்குப் பதில் சொல்லிவிட்டு எழுதவும்.