சர்வருக்குப் பெயர் மாற்றாமல் விட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

இரவுப்பணி:
மூன்று வருடம் ஆகிவிட்டது. மங்கிக் கிடந்த அந்த ஒரு பொத்தான் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. இடம் ஒரு நூற்பாலை. விண்டோஸ் சர்வர் 2019 ஏற்றி, ஐபி கொடுத்து, டொமைனில் (ஆபீஸ் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) சேர்த்து, உள்ளே இருக்கும் கணினிகளுக்கு அடையாளச் சான்றிதழ் வழங்கும் சேவையையும் அதே ராத்திரியில் நிறுவிவிட்டேன். காலை 8 மணி ஷிப்டுக்குள் முடித்தாக வேண்டும் என்ற அவசரம். பெயரைக் கவனிக்கவே இல்லை. இன்ஸ்டால் ஆகும்போது தானாக வருமே, 'வின்' என்று தொடங்கி, ஒரு கோடு, பின்னால் தாறுமாறாக 11 எழுத்தும் எண்ணும், அதுவேதான் இருந்தது.

சரி, இப்போது மாற்றிவிடலாம் என்று போனால் 'சேஞ்ச்' பொத்தானை அழுத்தவே முடியவில்லை. சான்றிதழ் சேவை இந்தக் கணினியில் இருப்பதால் பெயரை மாற்ற இயலாது என்று கீழே ஒரு வரி. நான் பார்ப்பதற்குள் நாற்பது கணினிக்குச் சான்றிதழ் போய்ச் சேர்ந்திருந்தது.

பிறகு ஒரு நாள் அங்கே போனேன். கணக்குப் பிரிவில் ஓர் அம்மா அந்தப் பெயரைத் தாளில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தார். பிரிண்டர் சேர்க்கும்போதெல்லாம் ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடிப்பாராம். "தம்பி, இது ஓ எழுத்தா, பூஜ்ஜியமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

ரேக்4:
எனக்கு எஸ்க்யூஎல் சர்வரில் நடந்தது. மருந்து மொத்த வியாபாரி ஒருவரின் ஆபீஸ். டேட்டாபேஸ் நிறுவிய பிறகு விண்டோஸ் பெயரை மாற்றி ரீஸ்டார்ட் செய்தேன். பில்லிங் ஓடியது, எல்லாம் சரி என்று கிளம்பிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து கிளைக்கு ரெப்ளிகேஷன் (டேட்டாவின் நகல் தானாகப் போகும் ஏற்பாடு) போட உட்கார்ந்தால், சர்வரின் உண்மையான பெயர் வேண்டும் என்று பிழை. நான் கொடுத்தது உண்மையான பெயர்தானே! ஒரு மணி நேரம் மோதிய பிறகு 'அட் அட் சர்வர்நேம்' என்று டேட்டாபேஸிடமே அதன் பெயரைக் கேட்டுப் பார்த்தேன். பழைய பெயர் வந்தது. விண்டோஸ் மறந்துவிட்டது, டேட்டாபேஸ் மறக்கவில்லை. 'எஸ்பி ட்ராப்சர்வர்' போட்டுப் பழைய பெயரை நீக்கி, 'எஸ்பி ஆட்சர்வர்' கட்டளையில் புதுப் பெயரோடு 'லோக்கல்' என்று சேர்த்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் போதும், ஐந்து நிமிட வேலை. அந்த ஒரு மணி நேரமும் முதலாளி என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

பென்குயின்:
இதெல்லாம் விண்டோஸில் மட்டும் வரும் தொல்லை. லினக்ஸில் 'ஹோஸ்ட்நேம்சிடிஎல்' என்று ஒரே கட்டளை, ரீஸ்டார்ட்கூட வேண்டாம். எனக்கு ஒரே ஒரு முறை உபுண்டுவில் சிக்கல் வந்தது. 'ஹோஸ்ட்ஸ்' கோப்பில் 127.0.1.1 வரியில் பழைய பெயரையே விட்டுவிட்டேன். அட்மின் உரிமைக்காக 'சூடோ' அடிக்கும் போதெல்லாம் ஹோஸ்ட் பெயர் தெரியவில்லை என்று புலம்பியது. வரியைத் திருத்தினேன், முடிந்தது.

நீலவயர்:
பென்குயின், அப்படி ஒரேயடியாகச் சொல்லாதீர்கள். ஒரே கணினியில் பல விஎம் (மெய்நிகர் கணினி) ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸும் டெபியன் என்ற லினக்ஸ் மேல் ஓடுவதுதான். ஒரு மருத்துவமனையில் 11 விஎம் ஓடிக்கொண்டிருந்த நோடுக்கு (ப்ராக்ஸ்மாக்ஸ் ஏற்றிய சர்வர்), நீங்கள் சொல்லும் அதே ஒற்றைக் கட்டளையால் பெயர் மாற்றி ரீபூட் செய்தேன். திரும்பி வந்தபோது இடது பக்கம் புதுப் பெயர், அதன் கீழே ஒரு விஎம்கூட இல்லை. பழைய பெயர் கேள்விக்குறியோடு தனியாக நின்றது. லேப் ரிப்போர்ட் சர்வரும் அதில்தான். கை குளிர்ந்துவிட்டது. டிஸ்க் எல்லாம் பத்திரமாகத்தான் இருந்தன. விஎம் கான்ஃபிக் கோப்புகள் நோடின் பெயரிலுள்ள ஃபோல்டரில் இருக்கும், அவை பழைய பெயரிலேயே தங்கிவிட்டன. ஒவ்வொன்றாகப் புதுப் பெயர் ஃபோல்டருக்கு நகர்த்தினேன். முதல் விஎம் பட்டியலில் தோன்றியபோதுதான் மூச்சு வந்தது. காலியான நோடில் மட்டும்தான் பெயர் மாற்ற வேண்டும் என்று ஆவணத்திலேயே இருக்கிறது, நான் படித்தது அதற்குப் பிறகு.

மதுரைக்காரன்:
என் கதை 15 எழுத்துக் கதை. இரண்டு சர்வருக்கும் 'மதுரை-பில்லிங்-01', '-02' என்று வைத்தேன். ஆங்கிலத்தில் எண்ணிப் பாருங்கள், 'மதுரை-பில்லிங்' வரைக்குமே சரியாக 15. நெட்பயாஸ் என்ற விண்டோஸின் பழைய பெயர் முறை அதற்கு மேல் எடுக்காது. பெயர் சுருக்கப்படும் என்று ஒரு பெட்டி வந்தது, படிக்காமல் ஓகே கொடுத்தேன். முதல் சர்வரை டொமைனில் சேர்த்தாயிற்று. மறுநாள் இரண்டாவதையும் பெயர் மாற்றி, ரீஸ்டார்ட் செய்து சேர்த்தேன். அதுவும் எந்தத் தகராறும் இல்லாமல் சேர்ந்தது. மாலையில் முதல் சர்வரில் லாகின் செய்தால், டொமைனோடு நம்பிக்கை உறவு அறுந்துவிட்டது என்கிறது. இரண்டும் ஒரே பெயராகச் சுருங்கியதால், இரண்டாவது சர்வர் டொமைனில் முதலாவதின் கணக்கையே எடுத்துக்கொண்டிருக்கிறது!

பழையகை:
நான் 2003 சர்வர் காலத்திலிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். எனக்கும் ஒரு முறை டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலருக்குத் தவறான பெயர் அமைந்து, 'நெட்டாம்' கட்டளை வைத்து மாற்றினேன், அவ்வளவுதான். ஆனால் சில விஷயம் சொல்ல வேண்டும்.

இரவுப்பணி, மாற்றவே வழியில்லை என்று விட்டது தவறு. சான்றிதழ் சேவையின் பெயர் வேறு, கணினியின் பெயர் வேறு. தனிச்சாவியோடு (சான்றிதழில் கையெழுத்திடும் ரகசியச் சாவி) பேக்கப் எடுத்து, வேறு பெயருள்ள சர்வரில் மீட்டு, விண்டோஸ் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் சர்வர் பெயரைத் திருத்தலாம். பழைய சான்றிதழ்களில் பதிந்த ரத்துப் பட்டியல் (ரத்தான சான்றிதழ்களின் பட்டியல்) முகவரி தொடர்ந்து திறக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

மற்றவர்களுக்கு: முதல் லாகினிலேயே, ஐபி கொடுக்கும் முன்பே பெயர் வையுங்கள். டெஸ்க்டாப் திரை இல்லாத சர்வர் கோரில் 'எஸ்கான்ஃபிக்' மெனுவைத் திறந்தால் 2ஆம் எண் அதற்குத்தான். பெயரில் அடிக்கோடு வேண்டாம், எழுத்து, எண், நடுவில் சிறுகோடு மட்டும். ஊர்ப் பெயரும் வேண்டாம், ஆபீஸ் இடம் மாறும். 1990இல் வந்த ஆர்எஃப்சி 1178 என்ற இணைய ஆவணம் முழுக்க முழுக்கக் கணினிக்குப் பெயர் வைப்பது பற்றியது, எட்டுப் பக்கம்தான், படியுங்கள். பயனர்களுக்கு டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) ஒரு மாற்றுப் பெயர் கொடுங்கள். உள்ளே எந்த சர்வர் மாறினாலும் அவர்களுக்குத் தெரியாது.

இரவுப்பணி:
ஐயா, அந்த வழி எனக்குப் பிறகு தெரிந்தது. ஓடும் ஆலையில் அதைச் செய்ய நிர்வாகம் நேரம் தரவில்லை. மாற்றுப் பெயர் யோசனைக்கு நன்றி, பிரிண்டருக்காவது இந்த வாரமே செய்கிறேன். மதுரைக்காரரே, முதல் சர்வருக்குள் எப்படிப் போனீர்கள்? டொமைன் இல்லாமலே நுழையும் லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு இருந்ததா?

மதுரைக்காரன்:
இருந்தது. சீல் வைத்த கவரில் கல்லாப்பெட்டிக்குள். சாவி ஓனரிடம், அவர் அன்றைக்குத் திருச்செந்தூர் போயிருந்தார். ராத்திரி பதினொன்றரைக்கு வந்து திறந்தார்.